எக்செல் பட்டியலிலிருந்து ஃபீடர் மாதிரி: முதல்முறை செய்பவர்களுக்கு

போன வருடம் ஜூனில் என் மேசைக்கு ஒரு எக்செல் கோப்பு வந்தது. பெங்களூரின் தெற்கு விளிம்பில், ஓசூர் சாலைப் பக்கம் ஓடும் ஒரு 11 கேவி ஃபீடர், அதாவது துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் விநியோக லைன். 64 டிரான்ஸ்பார்மர், பாதி தூரம் கேபிள், மீதி கம்பத்தில். “இதை ஓப்பன்டிஎஸ்எஸ்ல போட்டு ஒரு லோடு ஃப்ளோ ஓட்டிக் குடுத்துடுங்க, ரெண்டு நாள் வேலைதானே” என்றார் எங்கள் மேலாளர். ஓப்பன்டிஎஸ்எஸ் என்பது மின்வலையைக் கணினியில் மாதிரியாக வைத்துக் கணக்கிடும் மென்பொருள்; லோடு ஃப்ளோ என்பது எந்த இடத்தில் எவ்வளவு வோல்டேஜ், எவ்வளவு கரண்ட் என்ற கணக்கு. நானும் தலையாட்டிவிட்டேன். முடிக்க ஐந்து வாரம் ஆனது.

அதில் மூன்று வாரம் தப்பான விடையைச் சரியென்று நம்பியதிலேயே போயிற்று. கடைசிக் கம்பத்தில் 0.97 என்று, அதாவது இருக்க வேண்டியதில் 97 சதவீதம் என்று, அழகான வோல்டேஜ் வந்தது. அறிக்கைகூட எழுதத் தொடங்கியிருந்தேன். களத்துக்குப் போன அன்று, ஓசூர்க்காரரான லைன்மேன் ஒருவர் தமிழிலேயே கேட்டார்: “சார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்தக் கடைசி டிசியில மோட்டாரே எடுக்காது. உங்க கம்ப்யூட்டர்ல எப்படி வருது?” டிசி என்று அவர் சொன்னது டிரான்ஸ்பார்மரை. திரும்பி வந்து தேடினால், பதினொரு லைன் வரிசைகளில் கண்டக்டர், அதாவது கம்பி வகையின் பெயர் காலி. மென்பொருள் அந்த இடங்களில் தனக்குத் தெரிந்த ஒரு தடித்த அமெரிக்கக் கம்பியைப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் விடை தந்திருக்கிறது.

எக்செல்லில் காலியாக இருக்கும் கட்டம் நம் கண்ணுக்குக் காலியாகத் தெரியும். மாதிரிக்குள் போனதும் அது ஒரு எண்ணாகிவிடும், அப்புறம் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கீழே எழுதியிருப்பதில் பாதி இந்த ஒன்றைத் தடுப்பதற்குத்தான். லோடு ஃப்ளோ என்றால் என்னவென்று தெரியும், எக்செல் தெரியும், கொஞ்சம் பைத்தான் தெரியும், ஆனால் எக்செல் பட்டியலை ஃபீடர் மாதிரியாக மாற்றியதில்லை என்பவர்களுக்கு இது உதவும்.

1. எந்த வடிவம் என்று முதலில் கேளுங்கள்

“கிரிட் மாடல் வேண்டும்” என்று மட்டும் சொன்னால் வேலையைத் தொடங்காதீர்கள். விநியோக ஃபீடருக்கு, அதிலும் ஒற்றை ஃபேஸ் லோடுகள் இருந்தால், ஓப்பன்டிஎஸ்எஸ் நல்ல தேர்வு. அமெரிக்காவின் எப்ரி என்ற மின்சார ஆராய்ச்சி நிறுவனம் இலவசமாகத் தருகிறது. பைத்தானிலேயே முழுக்க இருக்க விரும்பினால் பாண்டாபவர். அதன் உள்ளமைப்பே அட்டவணைகள்தான், எக்செல்லாகச் சேமிக்கவும் திரும்பப் படிக்கவும் அதிலேயே வசதி உண்டு. மாதிரியை வேறொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையமோ ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளோ படிக்க வேண்டுமென்றால் சிஐஎம் என்ற பொதுத் தரவு வடிவம் கேட்பார்கள். அது தனி உலகம், கடைசியில் சொல்கிறேன்.

நான் ஓப்பன்டிஎஸ்எஸ்ஸை வைத்தே பேசுகிறேன். நாம் மாட்டிக்கொள்ளும் பொறிகள் எல்லா மென்பொருளிலும் ஒரே ஜாடைதான்.

2. கேட்டு வாங்க வேண்டிய ஆவணங்கள்

இதை முதல் நாளே, ஒரே கடிதத்தில் கேளுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனியாக “நாளெ பன்னி” (கன்னடத்தில் ‘நாளைக்கு வாங்க’) கேட்க வேண்டியிருக்கும்.

ஒற்றைக் கோட்டு வரைபடம்: தேதி போட்டது வேண்டும். தேதி இல்லாத வரைபடத்தை யார் கொடுத்தாலும் “இது எந்த மாதம் வரைக்கும் சரி?” என்று கேட்டு, அவர் சொன்னதைப் பென்சிலால் மூலையில் எழுதிவையுங்கள்.

திறந்து வைத்திருக்கும் ஸ்விட்ச்களின் பட்டியல்: நான் கேட்க மறந்தது இதைத்தான். கம்பத்தில் இருப்பதை நம்மூரில் ஏபி ஸ்விட்ச் என்போம், இங்கே கர்நாடகத்தில் ஜிஓஎஸ். கேபிள் பகுதியில் ஆர்எம்யூ என்ற ஸ்விட்ச் பெட்டி. வரைபடத்தில் எல்லாமே இணைந்திருப்பதுபோல் தெரியும். எது சாதாரணமாகத் திறந்திருக்கும் என்பது பிரிவு அலுவலகத்தில் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும். அவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து குறித்துக்கொண்டு வாருங்கள்.

டிரான்ஸ்பார்மர் பட்டியல்: கர்நாடகத்தில் டிரான்ஸ்பார்மரை டிசி (TC) என்பார்கள், முதலில் காதில் விழுந்தபோது நேர்மின்னோட்டம் (DC) என்று குழம்பியவன் நான். கேவிஏ மட்டும் போதாது. பெயர்ப்பலகையின் புகைப்படம் கேளுங்கள். சதவீத இம்பிடன்ஸ், டேப், வெக்டர் குரூப் எல்லாம் அதில்தான் இருக்கும்.

லைன் பட்டியல்: எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பத்துக்கு, நீளம், கண்டக்டர். “எங்கிருந்து – எங்கே” என்ற இரண்டு நெடுவரிசையும் இல்லாத பட்டியலை வாங்கவே வாங்காதீர்கள். வெறும் ஜிபிஎஸ் புள்ளிகளை வைத்து இணைப்பை ஊகிப்பது ஒரு வாரத்தைத் தின்றுவிடும்.

ஃபீடர் மீட்டரின் அரைமணி நேர ஆம்பியர் அல்லது கிலோவாட் பதிவு: குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் ஒரு கோடைக்கால மாதமும் ஒரு மழைக்கால மாதமும். மூன்று ஃபேஸும் தனித்தனியாக வேண்டும்.

11 கேவி பஸ்ஸில் ஃபால்ட் லெவல்: பஸ் என்பது லைன்கள் சேரும் இணைப்புப் புள்ளி; ஃபால்ட் லெவல் என்பது அங்கே ஷார்ட் சர்க்யூட் ஆனால் பாயும் அளவு. இங்கே ஒரு பொறி. கேட்டால் பிரேக்கரின் மதிப்பைச் சொல்லிவிடுவார்கள். 25 கிலோ ஆம்பியர் என்பது பிரேக்கர் தாங்கும் அளவு, 476 எம்விஏ. உண்மையான ஃபால்ட் லெவல் அதைவிடக் குறைவாகவே இருக்கும். “கணக்கிட்டதா, பிரேக்கர் மதிப்பா?” என்று கேட்டுவிடுங்கள்.

நுகர்வோர் எந்த டிசியில் என்ற பட்டியல்: ஆர்ஆர் எண் (நுகர்வோரின் இணைப்பு எண்), டிசி எண், ஃபேஸ், மாத யூனிட். இதில் பெயர், முகவரி, தொலைபேசி எண் வந்தால் உடனே அந்த நெடுவரிசைகளை நீக்கச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். நமக்குத் தேவையில்லை, வைத்திருந்தால் வம்பு.

3. எவ்வளவு செலவு, எவ்வளவு நாள்

மென்பொருளுக்குச் செலவே இல்லை. ஓப்பன்டிஎஸ்எஸ், பைத்தான், பாண்டாபவர், வரைபடத்துக்குக் க்யூஜிஐஎஸ் எல்லாமே இலவசம். சாதாரண 8 ஜிபி மடிக்கணினி போதும். கண்டக்டருக்கான ஐஎஸ் 398, டிரான்ஸ்பார்மருக்கான ஐஎஸ் 1180 இரண்டையும் பிஐஎஸ் தளத்தில் பதிவு செய்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஐஇசி தரங்களுக்கு மட்டும் நல்ல விலை. சிஐஎம் வேலை வந்தால் அதை வாடிக்கையாளரின் கணக்கில் எழுதும்படி ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள்.

பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். ஓப்பன்டிஎஸ்எஸ்ஸை நிறுவும்போதே கையேடும் ஐஇஇஇ சோதனை ஃபீடர்களும் கூடவே வரும். 13 நோடு ஃபீடரைத் திறந்து, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். அது போதும்.

நாள் கணக்கு: ஆவணங்கள் வந்து சேர இரண்டு முதல் நான்கு வாரம். அரைமணி நேரப் பதிவுதான் எப்போதும் கடைசியாக வரும். பட்டியலைச் சுத்தம் செய்ய ஐந்து நாள். ஸ்கிரிப்ட் எழுத இரண்டு நாள். சரிபார்க்க ஐந்து நாள், அதில் ஒரு நாள் கட்டாயம் களத்தில். எனக்கு உண்மையான செலவு களத்துக்குப் போன ஆட்டோவும் பெரிய வரைபடத்தை அச்செடுத்ததும்தான். பெரிதாக அச்செடுங்கள்; லைன்மேனிடம் மடிக்கணினியைக் காட்டினால் பேச மாட்டார், தாளை விரித்தால் பேனாவை அவரே வாங்கிக்கொள்வார்.

4. எக்செல்லை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள்

சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேராகத் திறந்தால், கம்ப எண் 3/4 என்பது மார்ச் 4 அல்லது ஏப்ரல் 3 ஆகிவிடும். 007 என்பது 7 ஆகும். நீளமான கணக்கு எண்ணின் 15ஆவது இலக்கத்துக்குப் பிறகு எல்லாம் பூஜ்யம். சேமித்துவிட்டால் போனது போனதுதான். அதனால் மூலக் கோப்பைத் தனிக் கோப்புறையில் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, பைத்தானின் அட்டவணை நூலகமான பாண்டாஸில் எல்லா நெடுவரிசைகளையும் எழுத்துச் சரமாகப் படியுங்கள். எண்ணாக மாற்றுவதை நீங்களே, தெரிந்து, பிறகு செய்யுங்கள்.

ஒன்றிணைத்த கட்டங்கள் இருந்தால் முதல் வரிசையில் மட்டும் மதிப்பு இருக்கும், கீழே எல்லாம் காலி. மறைத்து வைத்த வரிசைகளும் இருக்கும். எங்களுடையதில் கழற்றி எடுத்துவிட்ட இரண்டு டிசிக்கள் மறைந்து உட்கார்ந்திருந்தன. நிறத்தில் பொருள் வைத்திருப்பார்கள்: மஞ்சள் என்றால் கேபிள், பச்சை என்றால் கம்பம். நிறம் சிஎஸ்வியில் வராது. வாங்கும்போதே கேளுங்கள்.

5. கண்டக்டர் பெயர்களுக்கு ஒரு மாற்று அட்டவணை

எங்கள் பட்டியலில் ராபிட் என்ற ஒரே கம்பி ஒன்பது விதமாக எழுதப்பட்டிருந்தது. ஒரு பி, இரண்டு பி, பின்னால் இடைவெளி, முன்னால் ஏசிஎஸ்ஆர், சில இடங்களில் வெறும் 50 சதுர மிமீ. இதை ஸ்கிரிப்ட்டுக்குள் நிபந்தனைகளாக எழுதாதீர்கள். இரண்டு நெடுவரிசை கொண்ட தனிக் கோப்பு வையுங்கள்: இடப்பக்கம் வந்தபடி, வலப்பக்கம் சரியான பெயர். அதில் இல்லாத பெயர் வந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். காலியாக வந்தாலும் நிற்க வேண்டும். ஊகிக்க விடக் கூடாது.

20 டிகிரியில் கிலோமீட்டருக்கு ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய இவ்வளவு: வீசல் 0.93 ஓம், ராபிட் 0.55, டாக் 0.28. அலுமினியக் கேபிளில் 95 சதுர மிமீ 0.320, 240க்கு 0.125, 400க்கு 0.0778. இந்த எண்களோடு பொருந்தாத ஏதாவது உங்கள் அட்டவணையில் இருந்தால் அலகைப் பாருங்கள். பெங்களூர் வெயில் மிதமானதுதான், ஆனாலும் லோடு ஏறிய கம்பி 20 டிகிரியில் இருக்காது. எந்த வெப்பநிலைக்குத் திருத்தினீர்கள் என்று எழுதிவையுங்கள்.

கேபிளுக்குக் கெபாசிட்டன்ஸ் தர வேண்டும். தயாரிப்பாளர் பட்டியலில் அது மைக்ரோ ஃபாரட், ஓப்பன்டிஎஸ்எஸ் கேட்பது நானோ ஃபாரட். ஆயிரம் மடங்கு. பெரிய கேபிளுக்குக் கிலோமீட்டருக்கு அரை மைக்ரோ ஃபாரட் அளவில் வரும், அதாவது 500 என்று எழுத வேண்டும். நான் 0.5 என்று எழுதினேன். கேபிள் சார்ஜிங் கரண்ட்டே இல்லாமல் ஓடியது.

6. பஸ் பெயர்தான் இணைப்பு

இதில் நேரம் செலவழியுங்கள். ஓப்பன்டிஎஸ்எஸ்ஸுக்கு ஜிபிஎஸ் புள்ளி படம் வரைய மட்டும்தான். இரண்டு லைன் சேர்ந்திருக்கிறதா என்பதை அது பஸ் பெயரை வைத்தே முடிவு செய்யும். ஒரே கம்பத்தை இரண்டு சர்வேயர்கள் இரண்டு பெயரில் எழுதியிருந்தால், படத்தில் ஒட்டிக்கொண்டு தெரியும், மின்சாரம் போகாது.

புள்ளி வைக்காதீர்கள். பஸ் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வருவது ஃபேஸ் எண். 12.3 என்ற கம்பத்தை அப்படியே கொடுத்தால், 12 என்ற பஸ்ஸின் மூன்றாவது ஃபேஸ் என்று புரிந்துகொள்ளும். 12.1, 12.2, 12.3 என்ற மூன்று தனிக் கம்பங்கள் ஒரே கம்பமாகிவிடும். இடைவெளியும் வேண்டாம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் கிடையாது. நான் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி, புள்ளி, சாய்கோடு, இடைவெளி மூன்றையும் அடிக்கோடாக்கினேன். அப்படி மாற்றிய பிறகு இரண்டு வெவ்வேறு கம்பங்கள் ஒரே பெயராகிவிட்டனவா என்று கட்டாயம் பாருங்கள்.

ஃபேஸ்: ஆர், ஒய், பி மூன்றும் 1, 2, 3. பட்டியலில் ஆர்பிஒய் என்று வந்தால் அது வெறும் எழுத்துப்பிழையா, உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஃபேஸ் காலியாக இருந்தால் மூன்று ஃபேஸ் என்று எடுத்துக்கொள்ளும்.

ஸ்விட்சில் ஒரு வேடிக்கை. ஒரு லைனை ஸ்விட்ச் என்று குறித்த நொடியில் அது தன் நீளத்தையும் இம்பிடன்ஸையும் தூக்கி எறிந்துவிட்டு, மிகச் சிறிய ஒரு மதிப்பை எடுத்துக்கொள்ளும். அதனால் 400 மீட்டர் லைனையே ஸ்விட்ச் என்று குறிக்காதீர்கள். ஸ்விட்சைத் தனி உறுப்பாக, நடுவில் ஒரு புதுப் பஸ் போட்டு எழுதுங்கள்.

இணைப்பைச் சோதிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. திறந்திருக்கும் ஸ்விட்ச்களை நீக்கிவிட்டால் ஃபீடர் ஒரு மரம். லைன்களும் டிரான்ஸ்பார்மர்களும் மூடிய ஸ்விட்ச்களும் சேர்ந்த எண்ணிக்கை, பஸ்களின் எண்ணிக்கையைவிடச் சரியாக ஒன்று குறைவாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே துண்டாக இருக்கிறதா என்று பைத்தானின் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தில் ஒரு வரியில் பார்க்கலாம். எனக்கு முதல்முறை ஏழு துண்டு வந்தது. ஓப்பன்டிஎஸ்எஸ்ஸிலும் துண்டிக்கப்பட்டவற்றைக் காட்டவும் வளையங்களைக் காட்டவும் கட்டளைகள் உண்டு. ஆனால் முன்னாலேயே பைத்தானில் பார்த்துவிடுவது நல்லது.

7. நீளம், அலகு, மண்டலம்

லைனிலும் அலகு எழுதுங்கள், கம்பி வகையின் மதிப்புகளை வைத்திருக்கும் லைன்கோடிலும் எழுதுங்கள். ஒரு பக்கம் விட்டுவிட்டால் மாற்றமே நடக்காது. 45 மீட்டர் இடைவெளி 45 கிலோமீட்டராகிவிடும். இது நல்ல பிழை, ஏனென்றால் வோல்டேஜ் விழுந்து உடனே கத்தும்.

புள்ளிகளிலிருந்து நீளம் கணக்கிடுவதென்றால் மீட்டரில் அளக்கும் யுடிஎம் ஆயத்தொலைவுகளுக்கு மாற்றுங்கள். பெங்களூர் 43ஆம் மண்டலம், ஓசூரும் அதுவே. கிருஷ்ணகிரி 44, சென்னையும் 44. சென்னைப் பக்கத்துத் திட்டத்தின் பழைய ஸ்கிரிப்ட்டை அப்படியே இங்கே ஓட்டினால் எண்கள் வரும், மண்டலம்தான் தப்பாக இருக்கும்.

8. மென்பொருள் தானாக நிரப்பும் எண்கள்

இந்தப் பட்டியலை அச்செடுத்து மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஓப்பன்டிஎஸ்எஸ் எடுத்துக்கொள்பவை:

– அலைவெண் 60 ஹெர்ட்ஸ்
– மூலம் (ஃபீடருக்கு மின்சாரம் தரும் இடம்) 115 கேவி, ஃபால்ட் லெவல் 2000 எம்விஏ
– லைன்: 1000 அடிக்கு 0.058 ஓம், நீளம் 1
– டிரான்ஸ்பார்மர்: 12.47 கேவி, 1000 கேவிஏ, ரியாக்டன்ஸ் 7 சதவீதம், இரு பக்கமும் ஸ்டார்
– லோடு: 12.47 கேவி, 10 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.88
– மாதிரிக்குள் வைக்கும் எனர்ஜி மீட்டர் என்ற உறுப்பின் உச்சக் கரண்ட் ஃபேஸுக்கு 400 ஆம்பியர்

அந்த 0.058ஐக் கிலோமீட்டருக்கு மாற்றினால் 0.19 வரும், ராபிட்டில் மூன்றில் ஒரு பங்கு. அலகைச் சரியாகக் கொடுக்காவிட்டால் மாற்றாமலே 0.058 என்று எடுத்துக்கொள்ளும். என் 0.97 வோல்டேஜ் அங்கிருந்து வந்ததுதான்.

அலைவெண்ணை 50 என்று முதல் வரியிலேயே, சர்க்யூட்டை உருவாக்கும் முன் எழுதுங்கள். ரெசிஸ்டன்ஸும் ரியாக்டன்ஸும் மட்டும் நேராகக் கொடுத்திருந்தால் 60 இருந்தும் தப்பித்துவிடலாம். கெபாசிட்டன்ஸோ கம்ப அமைப்பு அளவுகளோ கொடுத்திருந்தால் 20 சதவீதம் தப்பு.

9. டிரான்ஸ்பார்மர்

நம் விநியோக டிரான்ஸ்பார்மர் 11 கேவி / 433 வோல்ட், டெல்டா – ஸ்டார், டிஒய்என்11. இம்பிடன்ஸ் பெரும்பாலும் 4.5 சதவீதம். டெல்டா என்று சொல்ல மறக்காதீர்கள். 11 என்ற கடிகார எண்ணில் லோ டென்ஷன் பக்கம் 30 டிகிரி முந்தும். மென்பொருளின் இயல்பு அமெரிக்க முறை, பிந்தும். அதை மாற்ற ஒரு சொல் உண்டு. ஒற்றைத் திசை ஃபீடரில் வோல்டேஜ் அளவு இதனால் மாறாது, கோணம் மட்டும் மாறும். ஆனாலும் சரியாக எழுதுங்கள். நாளைக்கு இரண்டு ஃபீடரை இணைத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

கேவிஏ நெடுவரிசையில் 25, 63, 100, 250 போன்ற வழக்கமான அளவுகளைத் தவிர வேறு வந்தால் நிறுத்திக் கேளுங்கள். எங்களுக்கு 2500 என்று ஒன்று இருந்தது. 250தான்.

10. லோடு

பொறிகள் அதிகம் உள்ள இடம் இது.

முதலில் கேவி. மூன்று ஃபேஸ் லோடுக்கு லைனுக்கு லைன் வோல்டேஜ், ஒற்றை ஃபேஸுக்கு ஃபேஸுக்கு நியூட்ரல் வோல்டேஜ். அதாவது 0.433க்கு 0.25. இதை மாற்றி எழுதினால் என்ன ஆகும்? 433 வோல்ட் பஸ்ஸில் இருக்கும் லோடுக்கு 11 என்று எழுதிவிட்டால், வோல்டேஜ் வரம்புக்குக் கீழே போனதாக நினைத்து அதை நிலையான இம்பிடன்ஸாக மாற்றிவிடும். 25.4 மடங்கு குறைந்த வோல்டேஜ், அதன் வர்க்கம் 645. லோடு 645இல் ஒரு பங்காகச் சுருங்கும். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதும் எங்கள் மாதிரியிலிருந்து இப்படிக் காணாமல் போயிருந்தது, சொல்ல ஆளில்லை. மாற்றிப் போட்டால், 11 கேவியில் சொந்த டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் எச்டி (உயரழுத்த) நுகர்வோருக்கு 0.433 என்று எழுதினால், லோடு 645 மடங்காகி எல்லாம் சரிந்துவிடும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

அடுத்தது அந்த வரம்பு. லோடு நிலையான பவராக இருப்பது 0.95க்கு மேல்தான். அதற்குக் கீழே இயல்பாகவே நிலையான இம்பிடன்ஸாக மாறிவிடும், கரண்ட் குறையும், வோல்டேஜ் கொஞ்சம் நன்றாகத் தெரியும். நம் ஃபீடர்களின் வாலில் 0.95க்குக் கீழே போவது ஒன்றும் அதிசயமில்லை. அந்த வரம்பை 0.8 போல இறக்கி வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விடை மாறினால் அறிக்கையில் அதையும் சொல்லுங்கள்.

அடிப்படை வோல்டேஜ் 0.433ஆ 0.415ஆ என்று வாடிக்கையாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதே 400 வோல்ட், 433இல் 0.924, 415இல் 0.964. ஒன்று தேறும், மற்றொன்று தேறாது. இதற்காக ஒரு கூட்டத்தில் முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது.

லோடின் அளவு: ஒப்புதல் பெற்ற கிலோவாட்டை அப்படியே போடாதீர்கள், யாரும் அவ்வளவு எடுப்பதில்லை. மாத யூனிட்டிலிருந்து சராசரி எடுங்கள். மாதம் 216 யூனிட் என்றால் 720 மணி நேரத்துக்கு 0.3 கிலோவாட். ஐபி செட்களுக்கு (பாசன பம்ப்செட்) குதிரைத் திறன் கொடுத்திருப்பார்கள், 0.746ஆல் பெருக்குங்கள், மோட்டாரின் திறனிழப்பையும் சேருங்கள். பிறகு ஃபீடர் மீட்டரின் உச்சத்துக்குப் பொருந்துமாறு எல்லாவற்றையும் விகிதத்தில் ஏற்றுங்கள். மென்பொருளே லோடு பங்கிடும், ஆனால் எனர்ஜி மீட்டரில் உங்கள் உச்சக் கரண்ட்டை எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன 400 ஆம்பியருக்குப் பங்கிட்டுவிடும்.

11. ஓடிவிட்டது என்றால் சரி என்று அர்த்தமில்லை

திரையில் தீர்வு கிடைத்தது என்று வந்ததும் மேலாளருக்குச் செய்தி அனுப்பாதீர்கள். முதலில் ஒரு காகிதம் எடுங்கள்.

ஃபீடர் தலையில் 180 ஆம்பியர் என்றால் 3430 கேவிஏ. மாதிரியில் மூலத்திலிருந்து கிளம்புவது அதற்கு அருகில் இருக்கிறதா? டிரான்ஸ்பார்மர்களின் கேவிஏவைக் கூட்டினால் 9200 என்றால், உச்ச நேரத்தில் 37 சதவீதம். நம்பக்கூடியதுதான். 90 என்று வந்தால் எங்கோ ஃபீடர் மாறியிருக்கிறது.

வோல்டேஜ் டிராப்பைக் கையால் போடுங்கள். ராபிட், 5 கிலோமீட்டர், 100 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.9, ரியாக்டன்ஸ் கிலோமீட்டருக்கு 0.36: கிலோமீட்டருக்கு 113 வோல்ட், மொத்தம் 565, அதாவது 11 கேவியில் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மென்பொருள் ஒரு சதவீதம் என்று சொன்னால் நீங்கள்தான் சரி.

உறுப்புகளை எண்ணுங்கள். எக்செல்லில் 412 லைன் என்றால் மாதிரியிலும் 412. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் இயல்பான அமைப்பில் இரண்டாவது முதலாவதைத் திருத்தி எழுதிவிடும், எண்ணிக்கை குறையும். மொத்த நீளத்தையும், கண்டக்டர் வகை வாரியான நீளத்தையும் இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள். இந்த ஒரு சோதனையை நான் முதல் வாரமே செய்திருந்தால், அந்தப் பதினொரு காலி வரிசைகள் அன்றே வெளியே வந்திருக்கும்.

அப்புறம் தாளை அச்செடுத்துக்கொண்டு களத்துக்குப் போங்கள். எந்த டிசியில் சாயங்காலம் வெளிச்சம் குறையும், எங்கே ஃபியூஸ் அடிக்கடி போகும் என்று மட்டும் கேளுங்கள். உங்கள் மாதிரியின் மோசமான பத்து பஸ்களோடு அவர் சொல்லும் இடங்கள் பாதியாவது பொருந்த வேண்டும்.

12. சிஐஎம் கேட்டால்

ஐஇசி 61970, 61968 என்ற இரண்டு தரங்களின் குடும்பம் இது. விநியோகத்துக்கு 61968. இங்கே ஒரு லைன் நேராகக் கம்பத்தில் ஒட்டாது. லைனுக்கு இரண்டு டெர்மினல், ஒவ்வொரு டெர்மினலும் ஒரு கனெக்டிவிட்டி நோடில் சேரும். லோடுக்கு ஒரு டெர்மினல். உங்கள் எக்செல்லின் ஒரு வரிசை ஐந்தாறு உருப்படிகளாக விரியும். லைனின் ரெசிஸ்டன்ஸ் அந்த முழுத் துண்டுக்கும் சேர்த்த ஓம், கிலோமீட்டருக்கு அல்ல.

ஒவ்வொரு உருப்படிக்கும் எம்ஆர்ஐடி என்ற அடையாளம் வேண்டும். ஸ்கிரிப்ட் ஓடும்போதெல்லாம் புதிதாக உருவாக்கினீர்களோ, அடுத்த மாதம் நீங்கள் அனுப்பும் கோப்பில் ஊரே புதிதாகக் கட்டியதுபோல் வாடிக்கையாளரின் கணினி எடுத்துக்கொள்ளும். பெயரிலிருந்து கணக்கிடும் ஐந்தாம் வகை யுயுஐடி பயன்படுத்துங்கள். அதே பெயருக்கு என்றைக்கும் அதே அடையாளம் வரும். பைத்தானில் ஒரே வரி. நேரம்? ஓப்பன்டிஎஸ்எஸ் வேலையைப் போல இரண்டு மடங்கு எழுதிக் கொடுங்கள், குறைக்காதீர்கள்.

13. ஒப்படைக்கும் கோப்புறை

பூட்டிய மூலக் கோப்பு, மாற்று அட்டவணைகள், ஸ்கிரிப்ட், உருவான மாதிரி, ஊகங்களின் பட்டியல். கடைசியில் சொன்னது மிக முக்கியம்: எந்த வரிசையில் எது காலியாக இருந்தது, நீங்கள் என்ன போட்டீர்கள், யாரைக் கேட்டுப் போட்டீர்கள், எந்தத் தேதியில். எங்களுடையது மூன்று பக்கம் வந்தது. வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளர் அறிக்கையைப் புரட்டிவிட்டு அந்த மூன்று பக்கத்தை மட்டும் நகலெடுத்துக்கொண்டார்.

இப்போது ஐந்தாவது ஃபீடர் ஓடிக்கொண்டிருக்கிறது. தரவு கையில் வந்த பிறகு ஆறு நாள் ஆகிறது. மாற்று அட்டவணையில் ராபிட் பதினான்கு விதமாகிவிட்டது. நேற்று வந்தது தமிழில் ‘முயல்’.